ஏமாந்த ஈ மேலே பறக்கும்

சீமாட்டியின் வால் அசையவில்லை.

வேலிக் கதவின் கொக்கியில் கை வைத்தவன் அப்படியே நின்றான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. காய்ந்த புல்லின் வாசனையும் அதற்கடியில் குதிரை லத்தியின் புளித்த வாசனையும் சூட்டோடு எழுந்துவந்தன. மற்றக் குதிரைகள் கோடையில் குதிரைகள் செய்வதையே செய்துகொண்டிருந்தன. வாலை இரண்டு பக்கமும் வீசி, காலைத் தரையில் தட்டி, தோலைச் சிலிர்த்து, ஒன்றின் வால் இன்னொன்றின் முகத்துக்கு விசிறியாகும்படி தலைமாற்றி நின்று, ஈயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. சீமாட்டி மட்டும் தனியே, நிலத்தின் கோடியில் இருந்த ஈப்பொறிக்குப் பக்கத்தில், அட்டையில் வெட்டி நிறுத்தினதுபோல நின்றது. அதன்மேல் ஈ இல்லாமல் இல்லை. வயிற்றடியிலும் கழுத்திலும் கறுப்பாக மொய்த்திருந்தது. கடித்த இடங்களிலிருந்து மெல்லிய சிவப்புக் கோடுகள் இறங்கியிருந்தன. அது தோலைச் சிலிர்க்கவில்லை. காதை மடக்கவில்லை. வால் கயிறுபோலத் தொங்கியது.

போன கோடையில் இதே குதிரை ஒரே ஒரு ஈக்காகப் பின்னங்கால்களில் எழுந்து நின்றது. இதே கதவுக்குப் பக்கத்தில். கொக்கியைத் திறக்க முதுகிலிருந்தபடியே குனிந்திருந்தாள் அவன் மனைவி. விழுந்தவளின் தலை மோதிய கல்தூண் அதே இடத்தில்தான் இருக்கிறது. தினமும் அதை உரசிக்கொண்டுதான் அவன் உள்ளே போகிறான், வேறு வழி இல்லாததால்.

ஆச்சரியப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். அது அவனிடம் இல்லை. வாளியை எடுத்துக்கொண்டு லத்தி வாரப் போனான்.

பண்ணை மாமனாருடையது. அவன் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவன். கல்லூரியில் விலங்கியல் படித்திருந்ததால், வந்த முதல் கோடையிலேயே ஈ அவன் தலையில் விழுந்தது. "ஊர்ல வேலையில்லாதவன்தான் ஈ ஓட்டுவான், நம்ம மாப்பிள்ளைக்கு வேலையே அதுதான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் மாமனார் சொல்லிச் சிரிப்பார். அவளும் சிரிப்பாள். இந்தக் கோடையில் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

வேலை மட்டும் மாறவில்லை. ஈ முட்டையிடுவதற்குள் லத்தியை வாரித் தொலைவில் கொட்ட வேண்டும். ஈர வைக்கோலை வெயிலில் பரப்ப வேண்டும். குதிரைகளின் முகத்துக்கு வலை கட்ட வேண்டும், வயிற்றுக்கு மருந்து தடவ வேண்டும், உச்சிவெயிலில் லாயத்துக்குள் கொண்டுவந்து மின்விசிறியைப் போட வேண்டும். இவ்வளவுக்கும் மசியாதது குதிரை ஈ. கட்டைவிரல் நகம் அளவு இருக்கும். கொசுபோல ஊசி குத்துவதில்லை. தோலை அறுத்துவிட்டு வழிவதை நக்கும். அதற்குத்தான் பொறி.

பொறி எளிமையானது. மூன்றுகால் சட்டம், அதில் வெள்ளைத் துணிக் கூம்பு, கூம்பின் உச்சியில் ஒரு கண்ணாடிப் புட்டி, கூம்புக்கு அடியில் கயிற்றில் தொங்கும் பெரிய கறுப்புப் பந்து. வெயிலில் சூடாகிக் காற்றில் ஆடும் கறுப்பை ஈ மிருகம் என்று நினைக்கும். வந்து உட்காரும். அறுத்துப் பார்க்கும். ரத்தம் வராது. ஏமாந்த ஈ எப்போதும் மேலே பறக்கும்; வெளிச்சத்தைப் பார்த்துக் கூம்புக்குள் ஏறும், புட்டியில் மாட்டும், சாகும். மாலையில் புட்டியைக் கொட்டிக் கழுவுவது அவனுடைய வேலைகளில் கடைசி.

கோடை தொடங்கும்போதே மாமனார் சொல்லிவிட்டார். சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடிதான் சொன்னார்.

"இன்னொரு தடவை அது துள்ளுச்சுன்னா லாரிக்குச் சொல்லிடுவேன் மாப்பிள்ளை. என்னால அதைப் பார்த்துக்கிட்டே இருக்க முடியல."

லாரி என்றால் கசாப்புக்காரரின் லாரி. அவன் தலையாட்டினான். சீமாட்டி என்று பேர் வைத்தது அவள். தினமும் அதன் பிடரியைச் சிக்கெடுத்தது அவள். அதுவும் போய்விட்டால், அவள் தொட்ட உடம்பு என்று பண்ணையில் அவனுடையது மட்டும்தான் மிஞ்சும். ஆகவே சீமாட்டியை ஈ அண்டக் கூடாது. அவனுடைய கோடை அவ்வளவுதான்.

அப்படியிருக்கும்போதுதான் போன வாரம் பந்து வெயில் தாங்காமல் வெடித்தது. புதிது வர நாளாகும் என்றார் கடைக்காரர். மறுநாளே சீமாட்டி வேலியை உதைத்து ஒரு கட்டையைப் பெயர்த்தது. மாமனார் வீட்டு வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.  போனைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

அவன் சேண அறைக்குப் போனான். கறுப்பாக, கெட்டியாக, தொங்கவிடத் தக்கதாக ஏதாவது வேண்டும். ஆணியில் அவளுடைய சவாரிக் கோட்டு தொங்கியது. அன்றைக்குப் போட்டிருந்தது. துவைத்து மாட்டியதற்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை; சேணம் எடுக்க வருகிறவர்கள் அதில் தோள் படாமல் ஒதுங்கிப் போவார்கள். அவன் கொஞ்ச நேரம் பார்த்தான். கறுப்பு. தடித்த கம்பளி. எடுத்துவிட்டான்.

உள்ளே வைக்கோலை அடைத்தான். கைகளின் முனைகளையும் கீழ்விளிம்பையும் சணலால் தைத்து மூடினான். கழுத்துப் பட்டையில் கயிற்றைக் கோத்தான். பிறகு, புதுப் பந்துக்கு எப்போதும் செய்வதுபோல, சீமாட்டியின் வியர்வையைத் துடைத்த துணியால் அதை முழுக்கத் தேய்த்தான். குதிரை வாடை இருந்தால் ஈ சீக்கிரம் வரும். அது தொழில் பழக்கம். கை தானாகச் செய்தது. அவன் யோசிக்கவில்லை.

தொங்கவிட்டு முடித்தபோது மாமனார் பின்னால் வந்து நின்றிருந்தார்.

"இது அவ கோட்டு."

"ஆமா மாமா. கறுப்பா வேற எதுவும் இல்ல."

காற்று அதை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டியது. முதுகு, தோள், முன்பக்கம். அவர் முழுச் சுற்றையும் பார்த்தார். "மேல ஒரு பொத்தான் போயிருக்கு பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

அன்றிலிருந்து சீமாட்டி பொறியைவிட்டு நகரவில்லை. இன்று வாலும் அசையவில்லை.

வால் அசையாத அந்த நாளின் மாலையில் புட்டியைக் கழற்றினான். காலியாக இருந்தது.

துணியில் கிழிசல் இருக்கும் என்று நினைத்தான். கூம்பை விரல்களால் தடவித் தடவிப் பார்த்தான். கிழிசல் இல்லை. கோட்டின்மேல் ஈ இல்லையா என்றால், கம்பளியே தெரியாத அளவுக்கு இருந்தது. அவை இறக்கையை அடக்கி, தலையைக் கவிழ்த்து, ஏதோ வேலையில் இருந்தன. பக்கத்து அறையில் யாரோ முணுமுணுப்பதுபோல ஓர் ஓசை. சொல் மட்டும் பிடிபடாது, குரல் தெரியும், அந்த மாதிரி.

ஏமாறாத ஈதான் மேலே பறக்காது. அந்த எண்ணம் வந்தது. அதை அவன் வாளியோடு சேர்த்து மூலையில் வைத்துவிட்டுப் படுக்கப் போனான். ஒரு வருடமாக எல்லா எண்ணங்களையும் அப்படித்தான் வைத்துக்கொண்டிருந்தான்.

மாமனாருக்கு ஒருவகையில் சந்தோஷம். "சாந்தமாயிடுச்சே" என்றார் காலையில். "என்ன மருந்து போட்டீங்க?" பல மாதங்களுக்குப் பிறகு சீமாட்டியின் பக்கம் முகம் திருப்பி அவர் பார்த்தது அன்றுதான். அவன் வாளியைத் தூக்கிக்கொண்டான். போன் சட்டைப் பைக்குள் போய்விட்டதை மட்டும் கவனித்தான்.

லாயத்தில் வேலை செய்கிறவருக்குச் சீட்டி என்று பட்டப்பெயர். வாய் ஓயாமல் சீட்டியடிப்பார். குதிரைகளுக்குக்கூடத் தன் பாட்டு மனப்பாடம் என்பார். அவர் கோடிப் பக்கம் லத்தி வாரப் போனால், பொறியை நெருங்கும் இடத்தில் சீட்டி நின்றுபோகும். தாண்டி வந்த பிறகு மறுபடி தொடங்கும். இதை அவன் இரண்டாவது நாள் கவனித்தான். ஏன் என்று கேட்டதற்கு, உதடு காய்ந்துபோகிறது என்று சொன்னார். பிறகு துடைப்பத்தில் சாய்ந்துகொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, அது கீழ வைக்கோல் கொட்டிக்கிட்டே இருக்கு. நான் தினமும் கூட்டறேன். நீங்க எவ்வளவுதான் அடைச்சீங்க உள்ள?"

போய்ப் பார்த்தான். கைமுனைச் சணல் ஒரு பக்கம் பிரிந்து, அதன் வழியாக வைக்கோல் கொத்துக் கொத்தாகப் பிதுங்கி விழுந்திருந்தது. பழுப்பேறி, ஈரமாக, பிழிந்து போட்டதுபோல. இந்நேரம் கோட்டு தளர்ந்து தொங்க வேண்டும். தளரவில்லை. தோள் நிரம்பியிருந்தது. முழங்கை லேசாக மடிந்திருந்தது. கயிறு விறைப்பாக இழுபட்டு, சட்டத்தின் கால்கள் மண்ணில் புதைந்திருந்தன. முன்பு காற்றுக்குச் சுற்றியது இப்போது சுற்றவில்லை. சீமாட்டியின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது.

பார்த்துக்கொண்டிருந்தது என்று நினைத்ததற்காக அவன் தன்னைத்தானே திட்டிக்கொண்டான். கழுத்துப் பட்டைக்கு மேலே கயிறுதான் இருந்தது.

சீமாட்டி தண்ணீர்த் தொட்டிக்கு வரும்போது கால் பின்னியது. விலா எலும்புகள் வரிவரியாகத் தெரிந்தன. கால்நடை டாக்டரம்மாவை வரவழைத்தான். அவர் குதிரையின் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஈறு சிவப்பாக இருக்க வேண்டிய இடம் சுண்ணாம்புபோல வெளுத்திருந்தது. விரலால் அழுத்தி எடுத்தார். நிறம் திரும்பி வரவில்லை, ஏனென்றால் திரும்பி வருவதற்கு நிறமே இல்லை. ஊசியில் எடுத்த ரத்தம் தண்ணீர்போல வந்தது.

"எங்கயோ ரத்தம் போகுது. எங்கன்னு தெரியல" என்றார் கையைத் துடைத்தபடி. உண்ணி இல்லை, உள்ளே புழு இருப்பதற்கான அடையாளமும் இல்லை என்றார். பிறகு அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க சாப்பிடறீங்களா? உங்களையும் ஒரு ஊசி குத்திப் பார்க்கணும் போலிருக்கு."

அவன் சிரிக்க முயன்றான்.

"இப்படியே ஒரு வாரம் போனா தாங்காது. வெளிய விடாதீங்க. உள்ளயே கட்டுங்க."

அவர் போன பிறகு அவன் மேய்ச்சல் நிலத்துக்கு நடந்தான். ஒரு விஷயத்தைப் பார்த்தே ஆக வேண்டியிருந்தது. சீமாட்டிக்கும் பொறிக்கும் நடுவே புல்லில் உட்கார்ந்தான். தலைக்கு மேலே ஈக்களின் போக்குவரத்து. ஒரு பக்கம் போவது கனமாக, தாழ்வாக, தள்ளாடிக்கொண்டு. எதிர்ப்பக்கம் வருவது லேசாக, வேகமாக. தாழப் பறந்த ஒன்றைக் கையால் தட்டிப் பிடித்து நசுக்கினான். உள்ளங்கை முழுக்க ரத்தம். வயிறு முட்டக் குடித்த ஈ. குடித்த ஈக்கு அதற்குப் பிறகு எந்த மிருகமும் வேண்டாம்; நிழல் பார்த்து ஒதுங்கிவிடும். கல்லூரியில் அப்படித்தான் படித்திருந்தான். அது போய்க்கொண்டிருந்தது சீமாட்டியிடமிருந்து கோட்டுக்கு.

கோட்டிலிருந்து கிளம்பிய ஒன்றைப் பிடித்தான். நசுக்கினான். காய்ந்த இறக்கை. காலி வயிறு.

இவ்வளவு நாளும் அவன் தலைகீழாக நினைத்திருந்தான். ஈக்கள் அங்கே எடுக்கப் போகவில்லை. கொடுத்துவிட்டு வந்தன.

உள்ளங்கையைப் புல்லில் துடைத்தான். வெகுநேரம் துடைத்தான்.

சீமாட்டியை லாயத்துக்கு இழுத்துப் போவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. அது திரும்பித் திரும்பிப் பார்த்தது. உள்ளே விட்டுக் கதவைத் தாழிட்டதும் உதைக்கத் தொடங்கியது. நிற்கவே தெம்பில்லாத குதிரை, பலகை அதிர அதிர உதைத்தது. பின்னங்கால் கிழிந்தது. நிறுத்தவில்லை.

மாமனார் சத்தம் கேட்டு வந்தார். தாழைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்.

"மறுபடியும் ஆரம்பிச்சிடுச்சா" என்றார். கோபம் இல்லை. களைப்புதான். "போதும் மாப்பிள்ளை. காலையில சொல்லிடறேன்."

"இன்னிக்கு ஒரு நாள் பொறுங்க மாமா. பொறியை எடுத்துடறேன். எல்லாம் அதாலதான்."

"ஈப்பொறிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

 சேண அறையிலிருந்து கயிறறுக்கும் கத்தியை எடுத்துக்கொண்டான்.

வெளியே வந்தபோது சூரியன் இறங்கிவிட்டது. வெளிச்சம் மட்டும் புல்லின்மேல் செம்பு நிறத்தில் கொஞ்சம் மிச்சமிருந்தது. குதிரை ஈ வெயிலின் பூச்சி. இருட்டத் தொடங்கினால் ஒன்றுகூடப் பறக்காது. நிலத்தின் பாதியைக் கடக்கும்போதே அந்த முணுமுணுப்புக் கேட்டது. நடை தானாகக் குறைந்தது. மற்றக் குதிரைகள் எதிர்க்கோடியில், வேலியோடு வேலியாக, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றன. பின்னால் லாயத்தில் பலகைச் சத்தம் விட்டுவிட்டு வந்தது. செருப்புக்கடியில் புல் ஈரமாக இருந்தது. பனி இறங்கும் காலம் இல்லை.

அருகில் போனதும் வாசனை. சூடான கம்பளி. துருப்பிடித்த இரும்பு. அதற்கடியில் இன்னொன்று. தலையணையிலிருந்து என்றோ போய்விட்ட வாசனை.

அவன் கண்களை மூடித் திறந்தான்.

அறுக்கும்போது விழுந்துவிடாமல் இருக்க ஒரு கையால் அதை வளைத்துப் பிடித்தான். ஈக்கள் நகர்ந்து கைக்கு இடம் விட்டன. வைக்கோலின் கனம் இல்லை. இந்தக் கனம் அவனுக்குத் தெரியும். கதவிலிருந்து வண்டிவரை ஒருமுறை தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறான்.

கம்பளி சூடாக இருந்தது. வெயிலின் சூடு இல்லை.

கத்தியைக் கயிற்றில் வைத்தான். அவன் முழங்கைக்குள் அது மெல்ல விரிந்தது.

சுருங்கியது.

விரிந்தது.

கத்தி புல்லில் விழுந்தது.

லாயத்தில் பலகை பிளக்கும் சத்தம். இன்னும் இரண்டு உதை. கதவு போய்விடும். சீமாட்டி வந்துவிடும். இங்கே வந்து நிற்கும். வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கும். விழும்வரை.

மணிக்கட்டில் சுருக்கென்றது. ஒரு ஈ. கை தானாக ஓங்கியது.

ஓங்கிய கை அப்படியே நின்றது.

இன்னொன்று. கழுத்தில். இன்னொன்று. வலித்தது. வலிக்கிறது என்பதே அவனுக்கு விநோதமாக இருந்தது. ஒரு வருடமாக எதுவும் வலிக்கவில்லை. கையை மெதுவாக இறக்கினான். அசையாமல் வைத்துக்கொண்டான்.

லாயத்தில் அடுத்த உதை விழவில்லை. காத்திருந்தான். இல்லை. சீமாட்டி ஓய்ந்துவிட்டது.

அவன் கையிலிருந்து கனத்துக் கிளம்பிய ஈக்கள் கோட்டில் உட்காரவில்லை. அதற்கு மேலே போயின. கழுத்துப் பட்டைக்கு மேலே. அங்கே கயிறு மட்டும்தான் இருக்க வேண்டும்.

வெறும் காற்றில் உட்கார்ந்தன.

ஒன்றன்பின் ஒன்றாக. தாடை ஒன்று உண்டானது. கன்னம். நெற்றியின் வளைவு. கறுப்பாக, ஊர்ந்துகொண்டே. முணுமுணுப்பு நின்றது.

ஈ கடித்தால் குதிரை சிலிர்ப்பதுபோல, அந்தக் கன்னம் ஒருமுறை சிலிர்த்தது.

அத்தனையும் ஒரே நேரத்தில் எழும்பின.

அடியில் இருந்தது ஈரமாக, சிவப்பாக இருந்தது. உதடு வந்துவிட்டது. மேலுதட்டின் அந்தச் சிறிய பள்ளம்கூட. மூக்கு வந்துவிட்டது. அது விடைத்து, அவன் பக்கம் திரும்பி, மோந்தது. காற்று வீசவே இல்லை. கயிறு முறுகியது.

கண் மட்டும் இன்னும் ஆகவில்லை.

ஈக்கள் மறுபடி அவனிடம் திரும்பி வந்தன. அவன் அடுத்த கையின் சட்டையையும் முழங்கைக்கு மேலே மடித்துவிட்டுக்கொண்டான்.